படிச்சதும் கடிச்சதும் – 11: பிப்பியும் பொறுக்கல் வாய்ப்பாடும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆய்வுக்கூடத்துல ஆணி ஜாஸ்தி. புடுங்கினது போக மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இன்னிக்கு எழுத உக்காந்துட்டேன். காரணம், தேதி.

இன்னிக்கு நவம்பர் 14. நம்ம ஊர்ல குழந்தைகள் தினம். 1889-ல நேரு பிறந்த நாள். பள்ளிக்கூடத்துல சட்டையில ரோஜாப்பூ குத்திக்கிட்டு வெயில்ல வரிசையா நிப்போம். மேடையில யாராவது ஒரு பெரியவர் குழந்தைகள் எல்லாம் பூக்கள்னு அரைமணி நேரம் பேசுவார். பூக்கள் எல்லாம் மயங்கி விழற நேரத்துல ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அனுப்புவாங்க. மறுநாள் 15-ம் தேதி. பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கலைன்னா கையை நீட்டச் சொல்லி பிரம்பால ரெண்டு. மிட்டாய் வாங்கினதும் அதே கைதான், அடி வாங்கினதும் அதே கைதான். அப்பல்லாம் அதுல ஒண்ணும் வித்தியாசமாத் தோணினதில்லை.

நேரு பிறந்து சரியா 18 வருஷம் கழிச்சு, 1907-ல இதே நவம்பர் 14 அன்னிக்கு, சுவீடனோட தெக்குப் பக்கத்துல ஸ்மோலாண்ட் மாகாணத்துல, விம்மர்பிங்கற சின்ன ஊருக்கு வெளியில நேஸ்னு ஒரு பண்ணை வீட்டுல ஒரு பொண்ணு பிறந்தது. பேரு ஆஸ்ட்ரிட். பின்னாடி ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன். சுவீடன்ல இந்தப் பேரைச் சொன்னா முகம் மலராத ஆளை நான் இன்னும் பாக்கலை. எங்க பேராசிரியர் உட்பட. அவர் சிரிச்சு நான் பாத்தது மொத்தம் மூணு தடவை, அதுல ஒண்ணு இது. நம்ம நோட்டுல காந்தித் தாத்தா மாதிரி, 2015-ல வந்த இவங்க 20 குரோனா நோட்டுல ஆஸ்ட்ரிட் பாட்டி இருக்காங்க. பக்கத்துலயே குட்டியா பிப்பியும் இருக்கா. கதையில வர்ற ஒரு வாண்டை ரூவா நோட்டுல அச்சடிச்ச ஊருங்க இது!

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் இருக்கற ஊரு பேரை இங்கிலீஷ்ல எழுதினா லிங்கோப்பிங்னு படிப்பீங்க. நானும் அப்படித்தான் படிச்சேன். டிக்கெட் பரிசோதகர் மரியாதையா ரெண்டு தடவை திருத்தினார். லின்ஷோப்பிங்காம். ஊர் பேரையே சொல்லத் தெரியாம ஒருத்தன் ஊருக்குள்ள வந்தா எப்படி இருக்கும்? ஙேன்னு முழிச்சுக்கிட்டே ஆறு மாசம் ஓட்டினேன். ஆய்வுக்கூடத்துல எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க, பிரச்சினை இல்லை. ஆனா காப்பி குடிக்கிற நேரத்துல யாராவது ஒருத்தர் சுவீடிஷ்ல ஒரு ஜோக் சொல்ல, மத்தவங்க விழுந்து விழுந்து சிரிக்க, நாம மட்டும் கோப்பைக்குள்ள எதையோ தேடற மாதிரி பாக்கணும் பாருங்க... அவ்வ்வ்வ்.

ஒழுங்கா மொழி கத்துக்குவோம்னு சாயங்கால வகுப்புல சேர்ந்தேன். அங்க டீச்சர் சொன்ன முதல் அறிவுரை: "செய்தித்தாள் வேண்டாம். நூலகத்துக்குப் போ, குழந்தைகள் பகுதிக்குப் போ, புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படி."

போனேன். முழங்கால் தாடையில இடிக்கிற மாதிரி குட்டி நாற்காலி. சுத்தி நாலஞ்சு வாண்டுங்க. நான் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். ஏழுன்னு சொல்றதுக்கு இவங்ககிட்ட ஒரு சொல் இருக்கு. 'ஷு'வும் இல்லை 'ஹு'வும் இல்லை, சூடான காப்பியை ஊதற மாதிரி ஒரு சத்தம். நான் அதைச் சொன்னதும் பக்கத்துல இருந்த ஒரு பொடிசு, அஞ்சு வயசு இருக்கும், படம் வரையறதை நிறுத்திட்டு என்னை நிமிந்து பாத்தா. அப்புறம் ரொம்பப் பொறுமையா ஊதிக் காட்டினா. நான் ஊதினேன். தலையை ஆட்டினா, இல்லைன்னு. மறுபடியும் ஊதினேன். ஏழாவது தடவையில பாஸ் பண்ணி விட்டுட்டு அவ பாட்டுக்கு வரைய ஆரம்பிச்சுட்டா. கேலி இல்லை, அதட்டல் இல்லை. என் வாழ்க்கையில இவ்வளவு நல்ல வாத்தியார் எனக்குக் கிடைச்சதே இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னிக்கு என் கையில இருந்த புத்தகம்தான் பிப்பி லோங்ஸ்ட்ரும்ப். லோங்ஸ்ட்ரும்ப்னா நீளமான காலுறை. நீள்காலுறைப் பிப்பின்னு வெச்சுக்கலாம். ஒன்பது வயசுப் பொண்ணு. கேரட் கலர் தலைமுடி, ரெண்டு பக்கமும் விறைச்சுக்கிட்டு நிக்கற ஜடை, ஒரு கால்ல ஒரு கலர்லயும் இன்னொரு கால்ல வேற கலர்லயும் காலுறை. அம்மா இல்லை. அப்பா கப்பல் தலைவர், கடல்ல காணாமப் போயிட்டார். வில்லா வில்லேகுல்லாங்கற பழைய வீட்டுல தனியா இருக்கா. துணைக்கு ஒரு குரங்கு, ஒரு குதிரை. ஒரு பெட்டி நிறைய தங்கக் காசு. குதிரையை ஒத்தைக் கையால தூக்கற அளவுக்குப் பலம். இவ்வளவு பலம் இருந்தும் யாரையும் வம்புக்கு இழுக்க மாட்டா. அடுத்தவனை அடிக்கிறவனை மட்டும் தூக்கி மரக்கிளையில உக்கார வெச்சுட்டு வந்துடுவா. அனாதை இல்லத்துக்குக் கூட்டிப் போக வந்த போலீஸ்காரங்களை ஓடிப் பிடிச்சு விளையாட வெச்சு, இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சுத் தூக்கி வெளியில விட்டுட்டு வருவா. கிறிஸ்துமஸ் லீவு வேணுங்கற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக்கூடம் போவா, ஒரே நாள்ல வேண்டாம்னு வந்துடுவா.

அம்பது பக்கம் படிச்சு முடிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஆனா அந்த மாசத்துல ஒரு நாள், பஸ்ஸுல உக்காந்து படிக்கிறப்ப, அகராதி பாக்காம, யாரும் விளக்காம, ஒரு ஜோக்குக்குத் தானா சிரிச்சுட்டேன். மூணு பேரு திரும்பிப் பாத்தாங்க. முதல் முதலா எழுத்துக்கூட்டி 'பட்டாணிக் கடலை'ன்னு கடைப் பலகையைப் படிச்ச நாள் ஞாபகம் வந்துச்சு. அந்தச் சந்தோஷம் வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும்னு நெனச்சிருந்தேன். இன்னொரு மொழி கத்துக்கிட்டா இன்னொரு தடவை வருது.

இந்தப் பிப்பி பிறந்த கதை இருக்கே, அதுவும் ஒரு கதைதான். 1941-ல ஆஸ்ட்ரிட்டோட மக காரினுக்கு நிமோனியா. படுக்கையில கிடக்கற ஏழு வயசுக் குழந்தை தினமும் கதை கேக்குது. என்ன கதை சொல்றதுன்னு அம்மா கேக்க, அந்த நிமிஷத்துல தோணின ஒரு பேரைக் குழந்தை சொல்லுது: பிப்பி லோங்ஸ்ட்ரும்ப். பேரே இவ்வளவு கிறுக்கா இருந்தா ஆளும் கிறுக்காத்தானே இருக்கணும்? அப்படித்தான் ஆரம்பிச்சுது. 1944 மார்ச்சுல ஆஸ்ட்ரிட் பனியில வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிப் படுத்துட்டாங்க. சும்மா கிடக்கறதுக்கு எழுதுவோம்னு அதைச் சுருக்கெழுத்துல எழுதி, மே மாசம் காரினோட பத்தாவது பிறந்த நாளுக்குப் பரிசாக் கொடுத்தாங்க. ஒரு பிரதியைப் பொன்னியேர்ங்கற பெரிய பதிப்பகத்துக்கு அனுப்ப, அவங்க வேண்டாம்னுட்டாங்க. கொஞ்சம் திருத்தி இன்னொரு பதிப்பகமான ராபேன் & ஷோக்ரேன் நடத்தின போட்டிக்கு அனுப்ப, 1945-ல முதல் பரிசு. மறுவருஷமே ஒரு பேராசிரியர் பத்திரிகையில கிழிகிழின்னு கிழிச்சார். சாதாரணக் குழந்தை எதாவது முழு கேக்கையும் ஒரே ஆளாத் தின்னுமா, சர்க்கரையைத் தரையில கொட்டி அது மேல வெறுங்கால்ல நடக்குமான்னு கேட்டார். பேராசிரியர் ஐயா குழந்தைகளைப் பாத்திருக்காரா இல்லையான்னு எனக்கு ஒரு சந்தேகம் :-)

அந்தச் சுருக்கெழுத்துக்குப் பின்னாடி ஒரு வலி இருக்கு. ஆஸ்ட்ரிட் 18 வயசுல உள்ளூர்ப் பத்திரிகையில வேலை பாத்தப்ப, அதோட ஆசிரியரால கர்ப்பமானாங்க. கல்யாணம் ஆகலை. 1926-ல ஊரை விட்டு ஸ்டாக்ஹோம் போய்ச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படிச்சாங்க. குழந்தையை டென்மார்க்குல கோபன்ஹேகன் போய்ப் பெத்து, ஒரு வளர்ப்புத் தாய்கிட்ட விட்டுட்டு வந்தாங்க. மூணு வருஷம் பையன் அங்க, அம்மா இங்க. கையில காசு சேர்றப்பல்லாம் ரயிலேறிப் போய்ப் பாத்துட்டு வருவாங்களாம். இவங்க கதையெல்லாம் ஏன் எப்பவும் தனியா நிக்கற குழந்தையோட கட்சியிலயே இருக்குன்னு, இதைத் தெரிஞ்சுக்கிட்ட அப்புறம் எனக்குக் கேக்கத் தோணலை.

போன கோடையில விம்மர்பி போயிருந்தேன். எங்க ஊர்ல இருந்து தெக்கால காட்டுக்கு நடுவுல போற சின்ன ரயில். நேஸ்ல அந்தப் பண்ணை வீடு அப்படியே இருக்கு. உள்ள பொந்து விழுந்த ஒரு பழைய மரம் நிக்குது. பிப்பி கதையில சோடா பாட்டில் காய்க்கிற மரம் அதுதான். நானும் மரியாதைக்கு ஒரு தடவை எட்டிப் பாத்தேன். ஒண்ணும் காய்க்கலை.

ஆனா அங்க என் மனசுல நின்னது மரம் இல்லை, ஒரு அடுப்படி. ஆஸ்ட்ரிட் படிக்கத் தெரியாத சின்னக் குழந்தையா இருந்தப்ப, பண்ணையில மாட்டுத்தொழுவத்தைப் பாத்துக்கிட்டவரோட வீட்டு அடுப்படிக்கு விளையாடப் போவாங்க. கிறிஸ்டின்ங்கற அம்மாவோட அடுப்படி அது. அவங்க மக எடித். அந்த எடித்தான் பம்-பம்னு ஒரு அரக்கனும் விரிபுண்டான்னு ஒரு தேவதையும் வர்ற கதையை ஆஸ்ட்ரிட்டுக்குப் படிச்சுக் காட்டினது. அன்னிக்கு உள்ளுக்குள்ள ஏற்பட்ட அதிர்வு கடைசி வரைக்கும் முழுசா அடங்கவே இல்லைங்கற மாதிரி ஆஸ்ட்ரிட் பின்னாடி சொல்லியிருக்காங்க. கவனிங்க மக்களே. உலகத்துல நூறு மொழிக்கு மேல போன ஒரு எழுத்தாளர் ஆரம்பிச்ச இடம் பள்ளிக்கூடம் இல்லை. நூலகம் கூட இல்லை. மாடு மேய்க்கிற வீட்டு அடுப்படி, ஒரு சின்னப் பொண்ணோட குரல். அவ்வளவுதான்.

இப்ப கும்பகோணத்துக்கு வாங்க.

அங்க எங்க அக்கா பையன் இருக்கான். எட்டு வயசு, மூணாம் வகுப்பு. இங்க அவனை வாண்டுன்னே கூப்பிடுவோம். (அப்ப நான் யாரு? வாண்டுமாமா! பூந்தளிர் நடத்தின அந்தப் பெரிய மனுஷர் மன்னிப்பாராக.) வாண்டுக்குத் தமிழ் வாசிக்க வரலைன்னு பள்ளிக்கூடத்துல இருந்து அக்காவுக்கு ஓலை வந்துடுச்சு. வகுப்புல எழுந்து நின்னு படிக்கச் சொன்னா வாயே திறக்க மாட்டேங்கறானாம். வீட்டுல அக்கா பாடப் புத்தகத்தை விரிச்சு வெச்சா வயித்து வலி, தலை வலி, ஒண்ணுக்கு வருதுன்னு ஒரு பட்டியல்.

"நீ மாமா, நீ சொன்னாத்தான் கேப்பான். நல்லா நாலு வார்த்தை கேளுடா"ன்னா அக்கா.

கேட்டேன். நல்லாவே கேட்டேன். "உன் வயசுல நான் எத்தனை புத்தகம் படிச்சேன் தெரியுமா, வெக்கமா இல்லையா"ன்னு ஆரம்பிச்சு, சுவீடன் குழந்தைகளை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டு, கால்மணி நேரம். வாட்ஸப்புல அவன் மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமாத் திரையை விட்டுக் கீழ இறங்கி, கடைசியில உச்சந்தலை மட்டும்தான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் நான் கூப்பிட்டப்ப அவன் பேசவே வரலை. "தூங்கிட்டான்"னா அக்கா. பின்னாடி அவன் சிரிக்கிற சத்தம் கேக்குது.

அந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 2006-ல நான் நாலாவது. பழைய பேப்பர் கடையில ஒரு ரூவா கொடுத்து வாங்கின அட்டை கிழிஞ்ச அம்புலிமாமா ஒண்ணு. கணக்குப் புத்தகத்துக்குள்ள வெச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தேன். வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு பக்கம் இருக்கறப்ப மாட்டிக்கிட்டேன். வாத்தியார் அதை ரெண்டாக் கிழிச்சு ஜன்னல் வழியா வீசினார். அப்புறம் கை. அஞ்சா ஆறா, எண்ணலை. கைவலி அன்னிக்கே போயிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் ரொம்ப வருஷம், பாடம் இல்லாத எதையாவது எடுத்துப் படிச்சா பின்னாடி யாரோ நிக்கற மாதிரியே ஒரு நெனப்பு. 'எத்தனை புத்தகம் படிச்சேன் தெரியுமா'ன்னு வாண்டுகிட்ட விட்ட பீலா இருக்கே, அது பச்சைப் பொய். நான் நிம்மதியாக் கதை படிச்சது மறுபடியும் இந்த ஊர் நூலகத்துல, குட்டி நாற்காலியில தான்.

பள்ளிக்கூடத்துல அடிக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்லயும் சட்டம் வந்துடுச்சு. 2009-ல போட்ட கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவு. 2010 ஏப்ரல்ல இருந்து நடைமுறை. எனக்குத்தான் நாலு வருஷம் லேட்டு.

மறுவாரம் அக்காவுக்கு ஃபோன் பண்ணி, "அவன்கிட்ட பேச வேண்டாம். ஃபோனை அவன் பக்கத்துல வெச்சுட்டு மட்டும் போ"ன்னேன். அங்க ராத்திரி ஒன்பது மணி. இங்க சாயங்காலம் நாலரை, நவம்பர்ல அதுக்குள்ள கும்மிருட்டு. நான் பிப்பியை விரிச்சு வெச்சுக்கிட்டு யாரோ சுவத்துக்குச் சொல்ற மாதிரி தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சேன்.

"ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுத் திண்ணையில ஒரு குதிரை..."

சத்தமே இல்லை. அப்புறம் போர்வைக்குள்ள இருந்து ஒரு குரல்: "திண்ணையில சாணி போடாதா?"

மாட்டினான்யா!

அன்னையில இருந்து வாரத்துக்கு நாலு நாள் கச்சேரி. குரங்கோட பேரு நீல்சன், அவன் அதை 'நீல்சன் சார்'னுதான் சொல்லுவான். பிப்பி பள்ளிக்கூடத்துல பெருக்கல் வாய்ப்பாட்டோட பேரையே கடிச்சுத் துப்பி வேற மாதிரி சொல்லுவா. அதைத் தமிழ்ல என்னன்னு சொல்றதுன்னு ஒரு நாள் முழுக்க மண்டையைக் குடைஞ்சு, கடைசியில 'பொறுக்கல் வாய்ப்பாடு'ன்னேன். வாண்டு பத்து நிமிஷம் சிரிச்சான். மறுநாள் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிட்டு வந்துட்டான்னு அக்கா புலம்பினது தனிக் கதை. பிப்பி ஒரு நாள் 'பொருள்தேடி' வேலை பாப்பா, தெருவுல கிடக்கற எதுவா இருந்தாலும் தேடி எடுக்கிறது. வாண்டுவும் பொருள்தேடி ஆனான். ரெண்டு துருப்பிடிச்ச போல்ட்டு, ஒரு உடைஞ்ச வளையல், பரண் மேல இருந்து தாத்தாவோட மூக்குக் கண்ணாடிக் கூடு. பிப்பி முடிஞ்சு, சூப்புப் பாத்திரத்துக்குள்ள தலையை விட்டு மாட்டிக்கிட்ட எமிலும் வந்துட்டான். "நம்ம வீட்டு அண்டான்னா மாட்டாது மாமா, குடம்னா மாட்டும்"னு ஆராய்ச்சி. சோதனை செய்யலைன்னு சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன்.

ஒரு இடத்துல எனக்கே நாக்கு ஒட்டிக்கிச்சு. பிப்பியோட அப்பா தெக்குக் கடல் தீவு ஒண்ணுல ராஜாவா இருக்கறதா கதை. என் கையில இருந்தது பழைய பதிப்பு. அதுல அந்த ராஜாவுக்குப் போட்டிருந்த பேர், கறுப்பு மக்களைக் கேவலமாச் சொல்ற அந்தச் சொல்லோட. படிச்சுக்கிட்டே வந்தவன் அங்க நின்னுட்டேன். நானும் கறுப்பு, போர்வைக்குள்ள இருக்கறவனும் கறுப்பு. 2015-ல ஆஸ்ட்ரிட்டோட வாரிசுகளே அதைத் 'தெக்குக் கடல் ராஜா'ன்னு மாத்திட்டாங்க, இங்க அதுக்கு ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு. நல்ல மனசுக்காரங்க எழுத்துலயும் அந்தக் காலத்து அழுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போடவும் எனக்கு மனசு வரலை, அழுக்கே இல்லைன்னு சொல்லவும் வரலை. நான் தெக்குக் கடல் ராஜான்னு சொல்லித் தாண்டிப் போனேன். கொஞ்சம் வளர்ந்ததும் அந்தக் கதையையும் அவன்கிட்ட சொல்லணும்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. ஒரு நாள் அவன் வந்து உக்காந்தப்ப கண்ணு சிவந்திருந்தது. கையைத் திரைக்குக் காட்டாம வெச்சிருந்தான். அப்புறம் அக்காவைத் தனியாக் கேட்டேன்.

"ஸ்கேல்டா, பிரம்பு இல்லை. ரெண்டே ரெண்டு. பரீட்சையில ரெண்டு மார்க்கு வாங்கிட்டு வந்து நிக்கறான், கொஞ்சவா சொல்றே? அம்மா நம்மளை அடிக்கலையா? நீ சுவீடன்ல போய் உக்காரலையா?"

எனக்குப் பதில் வரலை. ஏன்னா அக்கா சொன்னதுல பொய் இல்லை. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து சமைச்சு, வேலைக்குப் போய், திரும்பி வந்து அவனோட மல்லுக்கட்டறது அவ. நாலாயிரம் மைலுக்கு அப்பால உக்காந்து நியாயம் பேசறது நான். அதனால நியாயம் பேசலை. 1978-ல ஜெர்மன் புத்தக வியாபாரிகள் சங்கம் ஆஸ்ட்ரிட்டுக்கு அமைதிப் பரிசு கொடுத்தாங்க. பேச்சை முன்கூட்டியே படிச்சுப் பாத்தவங்க, பேசாம பரிசை மட்டும் வாங்கிக்கிட்டுப் போங்கன்னாங்களாம். அப்படின்னா நான் வரவே இல்லைன்னுட்டாங்க பாட்டி. அப்புறம் விட்டுட்டாங்க. அந்தப் பேச்சுல ஒரு கதை வரும். அதைத்தான் அக்காவுக்குச் சொன்னேன்.

ஒரு அம்மா. பையன் ஏதோ தப்புப் பண்ணிட்டான். அடிச்சுத்தான் வளக்கணும்னு எல்லாரும் சொல்ற காலம். "நீயே போய் ஒரு குச்சி பாத்து எடுத்துட்டு வா"ன்னு அனுப்பறா. பையன் ரொம்ப நேரமா வரலை. கடைசியில அழுதுக்கிட்டே வந்து, குச்சி கிடைக்கலைம்மா, இந்தக் கல்லை வேணும்னா என் மேல எறின்னு நீட்டறான். அம்மா எப்படியும் நம்மளை வலிக்க வைக்கப் போறா, கல்லா இருந்தா என்னன்னு அந்தக் குழந்தை நெனச்சிருக்கு. அம்மாவுக்கு அப்பத்தான் அவன் கண்ணு வழியா எல்லாம் தெரியுது. அவனைக் கட்டிக்கிட்டு அழறா. அந்தக் கல்லை அடுப்படி அலமாரியில எடுத்து வெச்சுடறா, தினமும் கண்ணுல படற மாதிரி.

ஆஸ்ட்ரிட் அதைப் பேசின மறுவருஷம், 1979-ல, வீட்டுலயும் பிள்ளைங்களை அடிக்கக் கூடாதுன்னு சுவீடன் சட்டம் போட்டுச்சு. உலகத்துலயே முதல் நாடு. இதையும் அக்காகிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன். சொல்லலை. சட்டம் பேசற நேரம் இல்லை அது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கலை. அப்புறம், "குக்கர் சத்தம் போடுது, வெக்கறேன்"னு வெச்சுட்டா. குக்கர் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லை.

அடுத்த ரெண்டு நாள் ஆய்வுக்கூடத்துல மாட்டிக்கிட்டேன், கூப்பிட முடியலை. மூணாம் நாள் ஆரம்பிச்சா வாண்டு கையைக் காட்டி நிறுத்தறான். "அது இல்ல மாமா. அதுக்கப்புறம் அம்மா சொல்லிட்டா. பிப்பி குதிரையைத் தூக்கிட்டு மகாமகக் குளத்துக்கு வந்து குளிப்பாட்டினா. நீல்சன் சார் படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டாரு. போலீஸ் வந்துச்சு. நீ அதுல இருந்து சொல்லு."

பிப்பி மகாமகக் குளத்துக்கு எப்ப வந்தா? எந்தப் பதிப்புலயும் இல்லை மக்களே. ஆனா அதைத் தாண்டி எனக்குக் கதை தெரியாததால நான் வழிசல் சிரிப்பு சிரிச்சு, "அம்மாவையே கேளு"ன்னேன். பின்னாடி அடுப்படியில இருந்து அக்கா சிரிக்கிறது இந்தத் தடவை நல்லாவே கேட்டுச்சு.

போன மாசம் ஒரு வேலை பண்ணினேன். எமில் கதை ஒண்ணைத் தமிழ்ல, பெரிய எழுத்துல, நாலு பக்கம் தட்டி அனுப்பி வெச்சேன். 'படி'ன்னு சொல்லலை. எனக்கு வேலை இருக்கு, இதுல இருக்கு கதைன்னு மட்டும் சொன்னேன். ஒரு வாரம் ஒரு தகவலும் இல்லை. நானும் கேக்கலை. கேக்காம இருக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு குரல் பதிவு வந்துச்சு. மூணு நிமிஷம். முதல் வரியைப் படிக்கவே அரை நிமிஷம். எழுத்தெழுத்தா, மூச்சு வாங்கி, நின்னு, திரும்ப அதே சொல்லை முதல்ல இருந்து. 'லொன்னபெரியா'ங்கற ஊர் பேருக்கு நாலு தடவை மோதினான். நான் லின்ஷோப்பிங்குக்கு மோதின அதே மோதல். பின்னாடி யாரும் அதட்டலை, எடுத்துக் கொடுக்கலை. ஒரே ஒரு தடவை அக்கா தொண்டையைச் செருமினா, அவ்வளவுதான். ஒரு பக்கம் முடிச்சான். முடிச்ச அப்புறம் கொஞ்சம் மூச்சு. அதுக்கப்புறம் ரொம்பக் கறாரா ஒரு குரல்:

"மாமா, மூணாவது வரியில தப்பு. 'குரங்கு'க்குச் சின்ன ர. நீ பெரிய ற போட்டிருக்கே. மாத்திட்டு அடுத்த பக்கம் அனுப்பு."

மாத்திட்டேன் வாத்தியாரே. அனுப்பிட்டேன்.

ஆஸ்ட்ரிட் பாட்டி 2002 ஜனவரியில, 94 வயசுல காலமானாங்க. இன்னிக்கு அவங்க பிறந்த நாள். நேருவுக்கும்தான். மேடைப் பேச்சு, ரோஜாப்பூ எல்லாம் இருக்கட்டும். வீட்டுல ஒரு வாண்டு இருந்தா இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து எதையாவது படிச்சுக் காட்டுங்க. கேள்வி கேக்காதீங்க, நீதி என்னன்னு சொல்லாதீங்க. திண்ணையில குதிரை சாணி போடுமான்னு கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க.

உங்களுக்கு முதல்ல கதை படிச்சுக் காட்டினது யாரு? பாட்டியா, அக்காவா, பக்கத்து வீட்டு எடித்தா? உங்க பதிவுல எழுதுங்க. நான் வந்து படிக்கிறேன்.

டிஸ்கி 1: பொறுக்கல் வாய்ப்பாடு, எமில் மொழிபெயர்ப்பு எல்லாம் முழுக்க வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. யாரும் புத்தகமாப் போடச் சொல்லிக் கேக்காதீங்க, எழுத்துப் பிழை நிறைய இருக்குன்னு எங்க ஆசிரியர் குழு சொல்லுது.

டிஸ்கி 2: இந்தப் பதிவுல இருக்கற ர, ற பிழைகளைத் திருத்த வாண்டு இன்னும் வரலை. அவன் வர்ற வரைக்கும் நீங்க பொறுத்துக்கங்க :-)